மூடிக்கும் மோதிரத்துக்கும் ஒரே சத்தம்: குப்பை மண்ணில் மெட்டல் டிடெக்டர்

கேட்டவர் வேளச்சேரிக்காரர். முப்பதாயிரம் ரூபாய் போட்டு ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கி, மூன்று ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் கடற்கரையில் நடந்திருக்கிறார். முதல் வாரம் அடிக்கு ஒரு சத்தம்; தோண்டினால் சோடா மூடி, சிகரெட் தாள், மாத்திரை அட்டை. வெறுத்துப்போய் அடுத்த வாரம் குப்பையை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷனை முழுக்க ஏற்றிவிட்டார். மெஷின் சாதுவாகிவிட்டது, ஆனால் இரண்டு ஞாயிறும் வெறும் கை. "மெஷின் சரியில்லையா, விலை கூடினது வாங்கலாமா? மயிலாப்பூரில் தெரிந்தவர் ஒருவர் பழைய வீட்டை இடிக்கிறார், அங்கே போய்த் தேடலாமா?" இவைதான் கேள்விகள்.

மெஷினில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. இரண்டாவது வாரம் மூடியின் வாயை அடைத்தீர்கள் அல்லவா, அப்போதே மோதிரத்தின் வாயையும் சேர்த்து அடைத்துவிட்டீர்கள்.

ஏன் என்று புரிய, கருவி என்ன செய்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். அந்த வட்டத் தட்டுக்குள், அதாவது காயிலுக்குள், இரண்டு கம்பிச் சுற்றுகள் இருக்கின்றன. ஒன்று நொடிக்குப் பல ஆயிரம் தடவை மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அது உலோகத்தில் பட்டால் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகும். அந்த மின்னோட்டம் பதிலுக்குத் தன் காந்தப்புலத்தை வெளியே விடும். இரண்டாவது சுற்று அதைப் பிடிக்கிறது. பதில் எவ்வளவு தாமதித்து வந்தது என்று பார்த்துத்தான் திரையில் எண் போடுகிறது. மெல்லிய ஃபாயிலுக்குச் சின்ன எண். தடித்த வெள்ளிக்கும் செம்புக்கும் பெரிய எண். இரும்பு காந்தமாகும் பொருள் என்பதால் அதன் பதில் தனி ரகம். பெரும்பாலான மெஷின்களில் அதற்குக் கறகற என்ற தாழ்ந்த சத்தம்.

தங்கத்துக்கென்று எண் கிடையாது. ஒரு கிராம் மூக்குத்தி ஃபாயிலோடு போய் உட்காரும். அரைப் பவுன் மோதிரம் அலுமினியத் துண்டுகளோடு உட்காரும். தடித்த வளையல் இன்னும் மேலே. ஃபாயிலிலிருந்து குளிர்பான டின்னின் இழுப்புக் காது வரைக்கும் 'குப்பை' என்று நீங்கள் ஒதுக்கிய பட்டை முழுக்கத் தங்கம் நடமாடும் தெருதான்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து எண்களை மனப்பாடம் செய்திருந்தால் அதையும் மறந்துவிடுங்கள். அவர்கள் தோண்டி எடுப்பதில் பெரும்பாலும் 10, 14 காரட். நம் வீட்டில் 22 காரட், 916. கலப்பு கூடக் கூடத் தங்கத்தின் மின்கடத்தும் திறன் இறங்கும். அதனால் ஒரே அளவு மோதிரம் அவர்களுக்குக் காட்டும் எண்ணைவிட நம் மோதிரம் மேலேதான் காட்டும். அவர்கள் 'இங்கே தோண்டு' என்று சொல்லும் இடத்தை மட்டும் தோண்டினால் நம் ஊர் நகை நழுவிப் போகும்.

வடிவமும் எண்ணை மாற்றும். மோதிரம் மூடிய வளையம்; மின்னோட்டம் தடையில்லாமல் சுற்றிவரும், சின்ன மோதிரம்கூடச் சுத்தமாகச் சத்தம் கொடுக்கும். அதே மோதிரம் ஓரிடத்தில் அறுந்திருந்தால் சத்தம் பாதி. மெட்டி பலதும் வாய் பிளந்த வளையம் என்பதால், வெள்ளியாக இருந்தும் எதிர்பார்த்த எண் வராது. மெல்லிய சங்கிலிதான் எல்லாவற்றிலும் மோசம்: கருவிக்கு அது ஒரு சங்கிலி அல்ல, நூறு தனித்தனிக் கண்ணி. இரண்டு பவுன் சங்கிலியை மண்ணில் போட்டால் அதன் கொக்கிதான் முதலில் கத்தும். தோட்டின் திருகாணியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இது பாதிக் கதை. குப்பை மண்ணில் மறு பாதி மறைப்பு. காயிலுக்கடியில் ஆணியும் மோதிரமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கருவிக்கு இரண்டின் பதிலும் கலந்து ஒன்றாகத்தான் வருகிறது. இரும்பை ஒதுக்கச் சொல்லியிருந்தால், ஆணியைக் கண்டதும் வாயை மூடிக்கொள்ளும். மறுபடி வாய் திறக்க அதற்கு ஒரு கணம் வேண்டும். நீங்கள் வேகமாக வீசினால் அந்தக் கணத்துக்குள் காயில் மோதிரத்தைத் தாண்டிப் போயிருக்கும். மௌனம் என்பது சுத்தமான மண் என்று பொருளல்ல. ஆணி காடாகக் கிடந்தாலும் மௌனம்தான்.

இந்தத் தொல்லை கருவி பிறந்த நாளிலிருந்தே உண்டு. 1881 ஜூலையில் அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டைச் சுட்டுவிட்டார்கள். உடம்பில் தங்கிய குண்டைக் கண்டுபிடிக்க, டெலிபோனுக்குப் பேர்போன அலெக்சாண்டர் கிரகாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவி செய்துகொண்டு வந்தார். சோதனையில் நன்றாக வேலை செய்த கருவி, அதிபரின் படுக்கையில் குழம்பியது. மெத்தைக்கடியில் எஃகுச் சுருள்கள் இருந்தது பிறகுதான் தெரிந்தது. போதாக்குறைக்கு, குண்டு வலப்பக்கம்தான் என்று அடம்பிடித்த மருத்துவர் அந்தப் பக்கம் மட்டுமே தேட விட்டார். குண்டு இருந்தது இடப்பக்கம். செப்டம்பர் 19 அன்று அதிபர் இறந்துபோனார். எஃகுச் சுருளுக்குப் பதில் சோடா மூடி என்று வைத்துக்கொண்டால் உங்கள் மூன்று ஞாயிற்றுக்கிழமையும் இதுதான்.

இனி என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

முதலில் காயிலை மாற்றுங்கள். மெஷினோடு வந்தது பெரும்பாலும் பதினோரு அங்குலம், தோசைக்கல் சைஸ். அதற்கடியில் எப்போதும் நாலைந்து உலோகம் இருக்கும். ஆறு அங்குலக் காயில் தனியாகக் கிடைக்கிறது. ஆழம் குறையும், உண்மை. ஆனால் குப்பை மண்ணில் ஆழம் ஒரு பொருட்டே இல்லை. மேலே நாலு அங்குலத்தில் இருப்பதையே தாண்டித்தான் வந்திருப்பீர்கள். 'டபுள் டி' வகைக் காயில் என்றால் இன்னும் நல்லது. அதன் புலம் மண்ணில் கத்தி மாதிரி ஒரு கோடாக இறங்கும், பக்கத்துப் பக்கத்துப் பொருள்களைப் பிரித்துக் காட்டும்.

கருவி எவ்வளவு நுணுக்கமாகக் கேட்க வேண்டும் என்று வைக்கும் சென்சிடிவிட்டியை இறக்குங்கள். எல்லோரும் ஏற்றிவைப்பார்கள், நானும் வைத்தேன். ஏற்றினால் ஓரத்தில் இருக்கும் மூடியெல்லாம் சேர்ந்து கத்தும். பாதிக்குச் சற்று மேலே போதும். ஹைமாஸ்ட் விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் காரணமில்லாமல் கிறுகிறுத்தால் வெளி மின்சார இரைச்சலை ஒதுக்கும் நாய்ஸ் கேன்சல் ஒருமுறை போடுங்கள்.

டிஸ்கிரிமினேஷனைக் கிட்டத்தட்ட முழுக்க எடுத்துவிடுங்கள். எல்லாமே சத்தம் போடட்டும். இரும்புக்கு ஒரு தொனி, மற்றதற்கு ஒரு தொனி என்று மட்டும் பிரித்து வைத்து, ஹெட்போன் மாட்டிக் காதால் தேடுங்கள். திரையைக் கடைசியாகப் பாருங்கள். முதல் அரைமணி தலை வலிக்கும். கோயம்பேடு மார்க்கெட்டில் நுழைந்ததும் எல்லாக் குரலும் ஒரே இரைச்சல். நாலு நாள் போனால் எந்தக் கடைக்காரர் என்ன விலை கூவுகிறார் என்று தனித்தனியாகக் கேட்கும். அதே கதைதான்.

வீச்சு மெதுவாக இருக்கட்டும், இடமிருந்து வலம் போக மூன்று நாலு விநாடி. அழகான சத்தம் ஒன்று கேட்டால் அங்கேயே நின்று தொண்ணூறு பாகை திரும்பி, குறுக்கே வீசிப் பாருங்கள். வளைந்த ஆணி ஒரு பக்கமிருந்து காசு மாதிரிப் பேசும், குறுக்கே வீசினால் கறகறக்கும். மோதிரம் இரண்டு பக்கமும் ஒரே பேச்சு.

சோடா மூடி, பீர் மூடி இவை கில்லாடிகள். தகரம்தான், ஆனால் வட்டமும் தட்டையுமாக இருப்பதால் நடுவில் காயில் போனால் உயர்ந்த எண்ணைக் கொடுத்து ஏமாற்றும். காயிலின் முனை மட்டும் பொருளின்மேல் படும்படி மெல்லப் பின்னுக்கு இழுத்து, இடவலமாகச் சிறிதாக ஆட்டுங்கள். மூடியாக இருந்தால் அந்த இடத்தில் சத்தம் உடைந்து இரும்புக் கறகறப்பு தலைகாட்டும். மோதிரத்தின் சத்தம் மெலியுமே தவிர உடையாது. இந்த ஒரு பழக்கம் தோண்டும் வேலையில் பாதியை மிச்சப்படுத்தும். ஆனால் குவார்ட்டர் பாட்டிலின் அலுமினியத் திருகு மூடிக்கு எந்தத் தந்திரமும் பலிக்காது. அதைத் தோண்டித்தான் ஆக வேண்டும், தோண்டிவிட்டுத் திட்டவும் செய்யலாம்.

சென்னைக் கடற்கரைக்கென்றே சில குப்பைகள் உண்டு, எந்த வீடியோவிலும் சொல்ல மாட்டார்கள். பலூன் சுடும் கடைகளுக்குப் பின்னால் மண்ணில் ஈயக் குண்டுகள் தினை மாதிரி இறைந்து கிடக்கும். சின்ன ஈயக் குண்டும் சின்னத் தங்கத் தோடும் கருவிக்கு ஒன்று. அந்த இடத்தை ஒருமுறை முயன்று பார்த்துவிட்டு நான் கைவிட்டுவிட்டேன். பட்டினப்பாக்கம், காசிமேடு பக்கம் வலையில் கட்டும் ஈயம். பட்டினப்பாக்கத்தில் பிள்ளையார் கரைத்த இடமென்றால் சட்டத்தின் ஆணியும் கட்டுக்கம்பியும் வேறு. தீபாவளி, புத்தாண்டு தாண்டிப் போனால் கம்பி மத்தாப்பு எரித்து வீசிய கம்பிகள். இவற்றோடு ஹேர்பின், ஊக்கு, பிரியாணி பார்சலின் ஃபாயில், எரிந்துபோன பேட்டரி.

காசு விஷயத்திலும் ஒரு வேடிக்கை. இப்போது புழக்கத்தில் இருக்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் காசுகள் காந்தத்தில் ஒட்டும் எவர்சில்வர். கருவி அவற்றை இரும்புக் குடும்பத்தோடு சேர்த்துக் குழம்பும், எண் நிலையாக நிற்காது. பித்தளை நிற ஐந்து ரூபாயும் பத்து ரூபாயும்தான் ஒழுங்காகப் பேசும். மெரினாவில் விடியற்காலையில் கயிற்றில் காந்தம் கட்டி இழுத்துக்கொண்டு போகிற பையன்கள் ஒரு ரூபாய்க் காசை எடுப்பதில் உங்கள் முப்பதாயிரம் ரூபாய்க் கருவியைத் தோற்கடிப்பார்கள்.

அப்புறம் கவரிங். அழகாக, நிலையாக, உயர்ந்த எண்ணோடு, மஞ்சளாக மின்னிக்கொண்டு ஒரு வளையல் வந்தால் கொண்டாடுவதற்கு முன் கையில் வைத்துப் பாருங்கள். உள்ளே செம்பும் பித்தளையும் என்பதால் எண் தங்கத்தைவிட மேலே போகும். எடை தக்கையாக இருக்கும். எனக்குக் கிடைத்த 'நகை'யில் பத்தில் ஒன்பது இந்த ரகம். இரண்டு மழைக்காலம் மண்ணில் கிடந்த கவரிங் பச்சை பிடித்துவிடும், 22 காரட்டுக்கு ஒன்றுமே ஆகாது. ஊதித் துடைத்தால் நேற்றுக் கடையில் வாங்கினது மாதிரி இருக்கும்.

ஒரு தேடலை முழுசாகச் சொல்கிறேன், மேலே சொன்னதெல்லாம் அதில் வருகிறது. ஒரு காணும் பொங்கலுக்கு மறுநாள் காலை, பெசன்ட் நகரில், ஷ்மிட் நினைவு மண்டபத்துக்குத் தெற்கே. முந்தைய நாள் சாயங்காலம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிட்ட இடத்தில் ஒரு பெண்ணின் மோதிரம் போய்விட்டது, அரைப் பவுன். "இங்கேதான் அண்ணா உட்கார்ந்திருந்தோம்" என்று அந்தப் பெண் காட்டிய இடத்துக்கும் அவர் கணவர் காட்டிய இடத்துக்கும் நடுவில் முப்பது அடி. இருவரும் அவரவர் இடத்தில் உறுதியாக நின்றார்கள். போன் கேமராவில் எடுத்த படங்களைக் கேட்டேன். ஒரு படத்தில் பின்னால் பஜ்ஜிக் கடையின் நீலத் தார்ப்பாயும், அதற்கு நேராக ஒரு விளக்குக் கம்பமும் விழுந்திருந்தன. அந்த இரண்டும் ஒரே கோட்டில் வரும்வரை நடந்து நின்றோம். இரண்டு பேர் சொன்ன இடமும் இல்லை.

பத்தடிக்குப் பத்தடி கயிறு கட்டினேன். முதல் சுற்று பெரிய காயிலோடு: காதில் வெறும் இரைச்சல். சின்னக் காயிலுக்கு மாற்றி, ஒரு சாண் அகலத்துக்கு ஒரு வரிசையாக நடந்தேன். ஒரு மணி நேரத்தில் மூடி பதினேழு, ஃபாயில் ஒரு கைப்பிடி, ஒரு சாவி, ஒரு கவரிங் மோதிரம். கடைசியில் சொன்னதைப் பார்த்ததும் அந்தக் கணவர் ஓடி வந்தார், பாவம். மோதிரம் மட்டும் இல்லை. கிளம்பலாம் என்று நினைத்துவிட்டு, தோண்டிய குழிகள் மேல் கடைசியாக ஒரு நடை போனேன். சோடா மூடி எடுத்த ஒரு குழியில், மூடி பைக்குள் போன பிறகும் மெலிதாக ஒரு சத்தம் இருந்தது. முன்னே மூடியின் கறகறப்பு அதை விழுங்கியிருக்கிறது. இரண்டு விரல் ஆழம் கூட இல்லை. பிளாஸ்டிக் வடிகூடையில் மண் இறங்கி, மோதிரம் மட்டும் தங்கியது.

அன்றிலிருந்து எந்தக் குழியையும் மறுபடி ஒருமுறை கேட்காமல் மூடுவதில்லை. எடுத்த குப்பையை அங்கேயே எறிவதும் இல்லை. இடுப்பில் ஒரு பை. ஊர் சுத்தமாகட்டும் என்று மட்டும் இல்லை, அதே மூடி அடுத்த வாரமும் என்னைக் கூப்பிடக் கூடாது. ஒரே பத்தடிக் கட்டத்தை மூன்று வாரம் தொடர்ந்து பார்த்தால் மூன்றாவது வாரம்தான் அது பேச ஆரம்பிக்கும்.

வடிகூடை என்றேன், அரிசி களைகிற சாதாரண பிளாஸ்டிக் கூடைதான். உலோகக் கரண்டி பக்கத்தில் வந்தாலே மெஷின் அதற்கும் கத்தும். கூடவே கையடக்கப் பின்பாயிண்டர் ஒன்று வாங்குங்கள். குழிக்குள் எந்தப் பக்கம் என்று அது காட்டாவிட்டால் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஐந்து நிமிடம் போகும்.

எங்கே தேடுவது என்பதில் நிறையப் பேர் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். குப்பை இல்லாத இடமாகப் பார்த்துப் போகிறார்கள். ஆள் உட்காராத இடத்தில் மூடியும் விழாது, மோதிரமும் விழாது. சுண்டல் விற்கிற வழி, ராட்டினம், குதிரைச் சவாரி சுற்றும் பாதை, கடலில் நனைந்தவர்கள் வந்து துணி மாற்றும் இடம், இவைதான் நகை விழும் இடம், குப்பை குவியும் இடமும் இவையேதான். தண்ணீரில் விரல் குளிர்ந்து சுருங்கும், மோதிரம் கழன்றுவிடும். மெரினாவில் சல்லடை போட்டு மண் அரித்தே பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பெரியவர் எனக்குச் சொன்னது இது: "மெஷினைப் பார்க்காதே, சனத்தைப் பாரு. சாயங்காலம் வந்து சும்மா உட்காரு. எங்க எந்திரிச்சு மண்ணைத் தட்டுறாங்கன்னு பாரு, காலையில அங்க வா." அவர் கையில் கருவியே கிடையாது.

மெரினாவின் மேல்மணலை மாநகராட்சி இயந்திரம் வைத்துச் சலிக்கிறது, அதனால் அங்கே மேலே கிடப்பது குறைவு. அந்தப் பெரிய மணல்வெளியே துறைமுகம் கட்டிய பிறகு சேர்ந்ததுதான். வருடத்தில் பெரும்பகுதி நம் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர் குறுக்கே வந்ததும் தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போனது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. ஆக, மெரினாவில் பழசு எல்லாம் ஆழத்தில், அதுவும் சாலைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். நம் கருவிக்கு எட்டாது. வடகிழக்குப் பருவமழை சமயத்தில் புயலடித்து, கரை ஆளுயரத்துக்கு அறுந்து நின்றால் மட்டும் மறுநாள் காலையில் அந்த அறுப்பின் அடியில் போய்ப் பாருங்கள். லேசான மணலைக் கடல் அள்ளிப்போய், கனமானது தங்கியிருக்கும்.

ஈரமணலில் உங்கள் மெஷின் பைத்தியம் பிடித்த மாதிரிக் கத்தினால் அதற்குக் காரணம் உப்புத்தண்ணீர். உப்புநீர் மின்சாரம் கடத்தும். ஒரே அலைவரிசையில் ஓடும் மெஷினுக்கு அது பெரிய உலோகத் தகடு மாதிரி. பல அலைவரிசையில் ஒன்றாக ஓடும் மெஷின்கள் அதைச் சமாளிக்கும். 'பல்ஸ்' வகை மெஷின்கள் இன்னும் நன்றாகச் சமாளிக்கும், ஆனால் இரும்புக்கும் தங்கத்துக்கும் வித்தியாசம் அவற்றுக்கு அவ்வளவாகத் தெரியாது. குப்பைக் கரையில் கை ஒடிந்துவிடும். நம் கடற்கரையில் திட்டுத்திட்டாகக் கருமணல் இருக்கும் இடத்திலும் உங்கள் மெஷின் தடுமாறும். அங்கே மண்ணின் பதிலைக் கழித்துவிடும் கிரவுண்ட் பேலன்ஸை மறுபடி போடுங்கள்.

பெருங்குடி, கொடுங்கையூர் குப்பை மேட்டுக்குப் போகலாமா என்று முன்பு ஒருவர் கேட்டார். வேண்டாம். முதலில் அது மாநகராட்சியின் இடம், சும்மா நுழைய முடியாது. உள்ளே ஊசி, கண்ணாடி, கீழே வாயு. 2022 ஏப்ரலில் பெருங்குடி மேடு பற்றிக்கொண்டு நாள்கணக்கில் புகைந்தது ஞாபகம் இருக்கும். வீட்டுக் குப்பையோடு நகை போய்விட்டதென்றால் அன்றைக்கே தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளரிடம் சொல்லுங்கள். வண்டி கொட்டும் முன் பிடித்தால் அவர்கள் கையே போதும்.

இன்னொன்று, ஜனவரியிலிருந்து மார்ச் வரை பெசன்ட் நகர், நீலாங்கரை கரைகளில் பங்குனி ஆமைகள் இரவில் ஏறி முட்டையிடும். முழங்கை ஆழத்தில் குழி. 1988லிருந்து மாணவர்கள் அந்தக் கரையில் இரவிரவாக நடந்து முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். அந்த மாதங்களில் இருட்டில் தோண்டவே தோண்டாதீர்கள். 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த ஆமை முதல் அட்டவணையில் இருக்கிறது. விடிந்த பிறகு போனாலும் பக்கத்துக் காவலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தோண்டுங்கள். காதில் ஹெட்போனும் கையில் கம்புமாக மண்ணைக் கிளறும் ஆளைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

மயிலாப்பூர் வீட்டுக்கு வருவோம். உரிமையாளர் எழுதிக் கொடுத்தால் போங்கள், ஆனால் ஆசையோடு போகாதீர்கள். இடித்த மண்ணில் ஆணி, கீல், தாழ்ப்பாள், மின்கம்பி எல்லாம் செங்கல்லோடு கலந்து கிடக்கும். கடற்கரை அதற்குத் தேவலாம். சுவர் இருந்த கோட்டை விட்டுவிட்டு முற்றம், கிணற்றடி, துணி துவைக்கும் கல் பக்கம் பாருங்கள்.

அங்கே ஏதாவது கிடைத்தால் சட்டம் உண்டு. 1878ஆம் வருடப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆமாம், பத்து ரூபாய், எழுத்துப்பிழை இல்லை. 1878ல் அது காசு. என்ன பொருள், எங்கே, எந்தத் தேதியில் கிடைத்தது என்று எழுதி, பொருளைக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும் அல்லது பிணை கொடுக்க வேண்டும். மறைத்தால் உங்கள் பங்கு போவதோடு ஒரு வருடம் வரை சிறையும் உண்டு. ஒழுங்காகச் சொல்லி, உரிமை கோரி வேறு யாரும் வராமல், இடத்துக்காரர் ஒருவரே என்றால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, இடத்துக்காரருக்குக் கால் பங்கு என்று அந்தச் சட்டமே சொல்கிறது. நூறு வருடம் தாண்டிய கலைப்பொருள் என்றால் 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும். தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்களுக்குப் பக்கத்தில், மாமல்லபுரத்தில் ஆகட்டும், கோட்டையில் ஆகட்டும், மெஷினைப் பையிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள்.

கடற்கரையில் நேற்று விழுந்த மோதிரம் புதையல் அல்ல, அது இன்னொருத்தர் பொருள். தெரிந்தும் வைத்துக்கொண்டால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவு பாயும். கொஞ்ச வருடமாக வரும் நகைகளில் ஹால்மார்க்கோடு ஆறு எழுத்து-எண் கொண்ட ஒரு குறி இருக்கும், லென்ஸ் வைத்தால் தெரியும். பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டால் எந்த நகைக்கடையின் பதிவு என்று வரும். அந்தக் குறியோடு காவல் நிலையத்தில் கொடுத்தால், யாருக்கு விற்றது என்று கடையில் கேட்க அவர்களுக்கு வழி கிடைக்கும்.

கடைசியாக, விலை கூடின மெஷின். இப்போது வேண்டாம். ஈரமணலில்தான் அதிகம் தேடப் போகிறீர்கள் என்றால் மட்டும் பல அலைவரிசை மெஷினை யோசிக்கலாம். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை மொட்டை மாடியில் செலவழியுங்கள். ஒரு ப்ளைவுட் துண்டில் இரண்டரை அங்குல ஆணி நாலு வையுங்கள், நடுவில் பித்தளை நிற ஐந்து ரூபாய்க் காசு. மாடித் தரையில் கான்கிரீட் கம்பி இருக்கும், அதனால் பலகையை ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் வையுங்கள். இரும்பை முழுக்க ஒதுக்கி ஒருமுறை, ஒதுக்காமல் ஒருமுறை, வேகமாக, மெதுவாக, நாலு திசையிலிருந்தும் வீசுங்கள். எப்போது காசு காதில் விழுகிறது, எப்போது காணாமல் போகிறது என்று எழுதிவையுங்கள்.

பிறகு வீட்டு நகையை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குங்கள். மோதிரம், தோடு, மெட்டி, கொலுசு, மெல்லிய சங்கிலி. ஒவ்வொன்றுக்கும் உங்கள் மெஷின் என்ன எண் காட்டுகிறது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். வெளிநாட்டுக்காரர் போட்ட பட்டியலைவிட அந்த ஒரு பக்கம் உங்களுக்கு அதிகம் உதவும். அடுத்து அதே மோதிரத்தைக் கடற்கரை மணலில் ஒரு சாண் ஆழத்தில், பக்கத்தில் ஒரு மூடியோடு புதைத்துக் கேட்டுப் பாருங்கள். புதைக்கும் முன் மோதிரத்தில் கெட்டியான நூல் ஒன்று கட்டி, மறுமுனையை மேலே ஒரு குச்சியில் முடியுங்கள். நான் கட்டாமல் புதைத்தேன். என் மனைவியின் மோதிரத்தை மறுபடி எடுக்க நாற்பது நிமிடம் ஆனது. புதைத்தது நானே, புதைத்த இடம் தெரிந்தே.